எவ்லின் அக்காவும் பின்னறைக் காற்றும்

எவ்லின் அக்காவை, காற்றை அளக்க வந்தவர் என்று நம்பித்தான் எல்லாரும் வீட்டுக்குள் விடுகிறார்கள். கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் அவர் விசாரணையைத் தொடங்கிவிடுவார். இந்த அறையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள், ஏர்கோனை எப்போது போடுகிறீர்கள், ஜன்னலைத் திறந்தீர்களா, திறக்கவில்லை என்றால் கொக்கியில் மட்டும் தூசி இல்லாமல் இருப்பது எப்படி. போலீஸ் ஸ்டேஷனில்கூட எதிரே உட்காரவைத்துத்தான் கேட்பார்கள். அக்கா கட்டிலுக்கு அடியில் குனிந்தபடியே கேட்பார். ஒரு வீட்டில், சர்க்கரை வியாதிக்கார முன்னாள் தலைமையாசிரியர் ஒருவர் அலமாரியில் லட்டு ஒளித்து வைத்திருப்பதை மனைவியின் முன்னாலேயே ஒப்புக்கொண்டார். அவரிடம் லட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நான் அக்காவுக்கு வண்டி ஓட்டுபவன், பெயர் ஷஃபீக். பினாங்கு சூலியா தெருவில் எங்கள் வாப்பாவுக்குப் பணம் மாற்றும் கடை இருக்கிறது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஆயுளைக் கழிக்க மாட்டேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தவன், இப்போது வேனின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் நிறுவனம் பட்டர்வொர்த்தில் ஒரு மெத்தைக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. பெயர்ப்பலகையில் உள்ள ஆங்கிலத்தைப் படித்தால் ராக்கெட் விடுகிறவர்கள் என்று நினைப்பீர்கள். வீட்டுக் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. பூஞ்சை, தூசி, பெயிண்ட் வாடை, கொஞ்ச காலமாக ரேடான்.

ரேடான் என்றால் என்ன என்று வீட்டுக்கு வீடு அக்கா சொல்லக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கருங்கல்லிலும் மண்ணிலும் கொஞ்சம் யுரேனியம் இருக்கிறது. அது உடைந்து உடைந்து கடைசியில் ஒரு வாயுவை வெளியே விடுகிறது. நிறம் கிடையாது, வாடை கிடையாது, ருசி கிடையாது. வெட்டவெளியில் காற்றோடு போய்விடும். அடைத்துக் கிடக்கும் அறைக்குள் தரை வெடிப்பு வழியாகப் புகுந்துவிட்டால் அங்கேயே குடியிருக்கும். அதை வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். சிகரெட்டுக்கு அடுத்த காரணம் இதுதான் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். பினாங்குத் தீவுக்கு நடுவில் இருப்பது கருங்கல் மலை. அதனால்தான் ஒரு பல்கலைக்கழகம், மலையடிவார வீடுகளை அளந்து கொடுங்கள் என்று எங்களிடம் ஒப்படைத்திருந்தது.

அளப்பதற்கு மூன்று சாமான்கள் வைத்திருந்தோம். முதலாவது கரி டப்பா. மூடியைத் திறந்து சில நாள் வைத்தால் கரி ரேடானைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் ஊர் ஈரத்தில் அது ரேடானை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டது. போதாக்குறைக்கு ஒரு வீட்டில், மீன் வாடை போக நல்லது என்று அதை ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். டப்பாவைக் கைவிட்டோம்.

இரண்டாவது, மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் கிண்ணம். உள்ளே நகத்தின் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் சில்லு இருக்கும். ரேடான் உடையும்போது தெறிக்கும் துகள் அந்தச் சில்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும். மூன்று மாதம் கழித்து எடுத்து வந்தால், ஆய்வகத்தைக் கவனிக்கும் காமினி அதைக் காஸ்டிக் சோடாவில் சூடாக்கிக் கீறல்களைக் குழிகளாகப் பெரிதாக்கி, மைக்ராஸ்கோப்பில் எண்ணுவார். மின்சாரம் வேண்டாம், சத்தம் போடாது, பராமரிப்பு கிடையாது. ஒரே ஒரு விதி: படுக்கிற அறையில், சுவாசிக்கிற உயரத்தில், ஜன்னலுக்கும் விசிறிக்கும் தள்ளி வைத்துவிட்டு, மூன்று மாதம் தொடாமல் இருக்க வேண்டும்.

நம் ஆட்களால் முடியாதது அது ஒன்றுதான். சவுந்தரம் டீச்சர் பல்லி எச்சம் படக்கூடாது என்று கிண்ணத்தை டென்மார்க் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு இறுக்கி மூடி வைத்திருந்தார். டின்னுக்குள் இருந்த காற்றின் சுத்தத்தைத்தான் காமினி அளந்து சொன்னார். இன்னொரு வீட்டில் அதைச் சூசையப்பர் சிலைக்குப் பக்கத்தில் வைத்து, நாள் தவறாமல் முன்னால் மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். கிண்ணம் உருகிச் சாய்ந்திருந்தது. மற்றொருவர், இதை வைத்த நாளிலிருந்து மகனுக்கு இழுப்பு குறைந்துவிட்டது, எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்று கெஞ்சினார். இது அளக்கத்தான், குணப்படுத்த அல்ல என்று சொன்னதற்கு, உங்கள் கருவியின் அருமை உங்களுக்கே தெரியவில்லை என்று எங்கள்மேல் பரிதாபப்பட்டார்.

மூன்றாவதுதான் அக்காவின் செல்லம். ரொட்டிப் பெட்டி அளவில் ஒரு மின் கருவி. அறைக் காற்றைத் தனக்குள் வரவிட்டு, மணிக்கு ஒரு எண்ணை முகப்பில் காட்டி, அதைப் பதிந்துகொண்டே இருக்கும். கணினியில் செருகினால் வாரம் முழுக்க எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று கோடு போட்டுக் காட்டும். அறையை மூடி வைத்திருந்தால் கோடு மேலேயே இருக்கும். யாராவது ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தில் விழும். எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்பதைக் கருவி காட்டிக் கொடுத்துவிடும்.

அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு அக்கா ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. சூலியா தெருவில் ஸாஹித் என்பவர் சின்ன விடுதி நடத்துகிறார், எங்கள் வாப்பாவுக்குத் தெரிந்தவர். ஒப்பிட்டுப் பார்க்க ஊருக்குள்ளும் சில இடங்களை அளந்தோம், அதில் அதுவும் ஒன்று. எண் கூடினால் வாடிக்கையாளர் வர மாட்டார்கள் என்று பயந்து, தினமும் மத்தியானம் ஜன்னலைத் திறந்து அறையைக் காற்றாட விட்டிருக்கிறார். அக்கா கோட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். ரெண்டரை மணிக்கு ஜன்னலைத் திறந்தீங்களா என்று கேட்டார். ஸாஹித் மனைவி மேல், மக்கள் மேல், புதிதாக வாங்கி வாசலில் நிறுத்தியிருந்த காடி மேல் சத்தியம் பண்ணினார். காடி மேல் சத்தியம் பண்ணும்போது மட்டும் குரல் நடுங்கியது. அதோடு ஒப்புக்கொண்டார்.

"எல்லாரும் பொய் சொல்லுவாங்க தம்பி," என்றார் அக்கா வண்டியில் ஏறியதும். "கெட்டவங்க மட்டும்னு நெனைச்சிராத. நல்லவங்கதான் இன்னும் நல்லாச் சொல்லுவாங்க."

இந்தச் சந்தேகப் புத்தி இந்த வேலைக்கு வந்தபின் ஏற்பட்டதல்ல. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருந்தவர். பெல்ட்டில் வரும் பாகம் ஒவ்வொன்றிலும் குறை இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைப்பதற்குச் சம்பளம் வாங்கியவர். கம்பெனி வேறு நாட்டுக்குப் போனது. அக்காவின் கண் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அந்தக் கண் வீட்டில் யார்மேல் விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டெஸ்மண்ட் அண்ணன் துறைமுகக் கிடங்கில் இரவு வேலை பார்த்தவர். நான் அவரைப் பார்த்ததில்லை, நான் சேர்வதற்கு முன்பே இறந்துவிட்டார். அக்கா வாயால் கேட்டதுதான். கிடங்கில் கூட வேலை செய்தவர்களெல்லாம் கிராம்பு மணக்கும் கிரெத்தெக் சிகரெட்டை ஊதித் தள்ளுகிறவர்கள். விடிந்து அண்ணன் வீடு வரும்போது சட்டையெல்லாம் அந்த மணம். அக்கா வாசலிலேயே நிறுத்தி, காலரை மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாராம். நான் தொட்டதில்லை என்பார் அண்ணன். நானும் நம்பிட்டேன் என்பார் அக்கா. கல்யாணமான புதிதில் தொடங்கிய இந்தப் பேச்சு காலைக் கோப்பி போல நிற்காமல் நடந்திருக்கிறது.

பிறகு அண்ணனுக்கு இருமல் வந்தது, நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். டாக்டர் ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று கேட்டார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டு, யாருக்குத் தெரியும் டாக்டர், ஒளிஞ்சு குடிக்கிறவருக்குக் கணக்கு ஏது என்றார். அண்ணன் அவரைப் பார்த்து, "நான் தொட்டதில்ல எவ்லின்," என்றார். அந்த வருஷம் முடிவதற்குள் போய்விட்டார்.

அக்கா இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வார். அவர் போகும் மாதா கோயிலில் எல்லாருக்கும் தெரியும். பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் வெரோனிக்காவிடம் ஒருமுறை சொன்னால் போதும், பங்குச் சனம் எல்லாருக்கும் சொன்ன மாதிரி. நவம்பரில் இறந்தவர்கள் திருநாளுக்குக் கல்லறைக்குப் போகும்போது, மெழுகுவத்திகளுக்கு நடுவே ஒரு கிரெத்தெக்கைப் பற்றவைத்துச் செருகிவிட்டு, இனிமே ஒளிய வேணாம், குடிங்க என்பாராம். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் சிரிப்பார்கள். சாமியாருக்கும் சிரிப்பு வந்ததாகக் கேள்வி. நானும் கேட்டுவிட்டு வண்டியை ஓரம் கட்டிச் சிரித்தவன்தான்.

ஆயர் ஈத்தாமில், மலைச் சரிவை ஒட்டிய வீடு ஒன்று பாக்கி இருந்தது. ஒத்துக்கொண்ட வீட்டுக்காரர் கடைசி நேரத்தில் பின்வாங்கினார். கிண்ணத்துக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு இரண்டு குடும்பம், கேட்டால் ஆபத்துதான். அதே வரிசையில் கடைசி வீடு எவ்லின் அக்காவுடையது. உங்க வீட்டிலயே வெச்சிருங்க அக்கா என்றார் காமினி. அக்கா மின் கருவியை முன் ஹாலில் வைத்தார். எண் மிகவும் குறைவாக வந்தது. தன் வீட்டுக் காற்று பாஸ் பண்ணிவிட்டதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு, எனக்குத் தே தண்ணியும் வாழைப்பழப் பலகாரமும் கொடுத்தார்.

தின்றுகொண்டே நான்தான் கேட்டேன். ஹாலில் படுக்கிறவர் யாரும் இல்லையே, படுக்கிற அறையில்தானே வைக்க வேண்டும் என்று. அக்கா முன்னறையில் படுக்கிறார். விசிறி, திறந்த ஜன்னல், அங்கேயும் ஒன்றும் இருக்காது. பின்னறை சாமான் போட்டு வைக்கும் இடம் என்றார்.

"முன்னாடியும் அப்படித்தானாக்கா? அண்ணன் எங்க படுத்தாரு?"

அக்கா எழுந்து போய்ப் பின்னறைக் கதவைத் திறந்து காட்டினார். மலைச் சரிவை வெட்டி வீட்டைக் கட்டியிருந்தார்கள். அறையின் பின்சுவர் கருங்கல் மேலேயே சாய்ந்து நின்றது. சிமெண்டுத் தரையில் நீளமாக ஒரு வெடிப்பு. இரவு வேலை முடித்து வந்து பகலெல்லாம் தூங்குகிறவருக்கு வெளிச்சம் ஆகாது. அதனால் அந்த ஒரே ஜன்னலுக்குச் செய்தித்தாளை மடித்து மடித்து ஒட்டி, ஓரங்களில் டேப் போட்டு அடைத்திருந்தார்கள். ஏர்கோன் ஓட, கதவையும் சாத்திவிட்டு, மத்தியானம் தாண்டும்வரை தூங்குவாராம். அப்படிப் பல வருஷம். டேப் ஒட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. நான்தான் ஒட்டினேன் என்று அவரே சொன்னார்.

இரண்டு பேரும் அந்த வாசலில் நின்றோம். கருங்கல், வெடிப்பு, அடைத்த ஜன்னல், பல வருஷம். வீடு வீடாகப் போய் அக்கா ஒப்பிக்கும் பாடத்தில் இருக்கும் அத்தனையும் எதிரே இருந்தது. எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமல் இருக்குமா.

"வெச்சுப் பாத்துருவோம்," என்றார் அக்கா. தொழிற்சாலைக் குரல்.

அறையை அண்ணன் இருந்த காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கினேன். சாமான்களை வெளியே எடுத்தேன், கட்டில் உயரத்தில் கருவியை வைத்தேன், ஏர்கோனைப் போட்டேன், உரிந்திருந்த டேப்பை அழுத்தி ஒட்டினேன். ஒரு வாரம் யாரும் உள்ளே போகக்கூடாது என்று, அவர் மற்றவர்களுக்குச் சொல்வதை அவருக்கே சொன்னேன். என்ன தைரியம் பாருங்கள் எனக்கு. அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் போனபோது அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே எவ்வளவு என்று கேட்டார். கணினியில் செருகிச் சராசரியைப் பார்த்தேன். இருநூறுக்குக் கொஞ்சம் கீழே. கன மீட்டர் காற்றில் ரேடான் நூறு பெக்கரலுக்குள் இருந்தால் நல்லது, முந்நூறைத் தாண்டக் கூடாது என்பதுதான் நாங்கள் எல்லா வீட்டிலும் சொல்வது. அக்காவின் முகம் அப்படியே மலர்ந்தது. பாத்தியா, நான் சொன்னேன்ல, அந்த ஆளு குடிச்சுத்தான் செத்தாரு என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போனார். புருஷன் பொய் சொன்னான் என்று தெரிந்ததில் இவ்வளவு சந்தோஷப்பட்ட மனைவியை நான் பார்த்ததில்லை.

பிறகு கோட்டைப் பார்த்தேன்.

முதல் நாள் மேலே போன கோடு அங்கேயே நின்றிருந்தது. இரண்டாம் நாள் காலையில் பொத்தென்று கீழே விழுந்திருந்தது. சாயங்காலம் ஏறத் தொடங்கி, மறுநாள் மறுபடி விழுந்திருந்தது. ஒவ்வொரு நாளும் அதே கதை. ஸாஹித்தின் விடுதியில் பார்த்த அதே பள்ளம். ஸாஹித் மத்தியானத்தோடு நிறுத்திக்கொண்டார், இங்கே பகல் முழுக்க.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஊர்க்காரர்களையெல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய ஆள். தலைமையாசிரியரை லட்டு வரைக்கும் ஒப்புக்கொள்ள வைத்த ஆள். கணினியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"அக்கா, ஜன்னலைத் திறந்தீங்களா?"

"நான் ஏன் திறக்கப் போறேன்."

கோட்டைக் காட்டினேன். அக்கா பார்த்தார். குரங்கு திறந்திருக்கும் என்றார். ஆயர் ஈத்தாம் குரங்குகளைக் குறைத்துச் சொல்லவில்லை, வீட்டுக்குள் புகுந்து ரொட்டியை எடுத்துப் போகிற ஜாதிதான்.

"குரங்கு டேப்பை உரிச்சிரும்க்கா, ஒத்துக்கிறேன். சாயங்காலம் திரும்பி வந்து ஒட்டிட்டுப் போகுமா?"

அக்கா சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மொத நாளு ராத்திரி மெதுவா உள்ள போய்ப் பாத்தேன் தம்பி. அறுநூறு காட்டுச்சு." கையைத் துடைத்த துணியை மடித்துக்கொண்டே இருந்தார். "எண்ணு கூடுதலா வந்துச்சுன்னா அவர் சொன்னது நெசமாப் போயிருமேலா. நெசம்னா, நான் இத்தன நாளா என்னத்தச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்?"

ஸாஹித்திடமாவது, பரவாயில்லை, எல்லாரும் செய்கிறதுதான் என்று சொல்லலாம். புருஷன் செத்த காரணம் தன் வீட்டுச் சுவராக இருக்கக்கூடாது, அவருடைய பொய்யாகவே இருக்க வேண்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்த மனுஷியிடம் என்ன சொல்வது? பாவமாக இருந்தது. அவர்மேல் இருந்த கோபமும் போகவில்லை. இரண்டையும் சுமந்துகொண்டு, அவர் போட்டுக்கொண்டிருந்த தே தண்ணியைக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் அவரே காமினியிடம் போய், என் வீட்டு அளவு செல்லாது, நான் கெடுத்துவிட்டேன், மறுபடி வைக்க வேண்டும் என்றார். ஏன் கெடுத்தீர்கள் என்று காமினி கேட்டதற்கு முழுசாகச் சொன்னார். மெத்தைக் கடைக்காரர் கீழே ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். காமினி தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, ஒரு வார அளவை வைத்துப் பல வருஷத்தைப் பற்றிப் பேச முடியாது, வாரத்துக்கு வாரம் மாறும், கருவியோடு கிண்ணத்தையும் மூன்று மாதம் வைப்போம் என்றார்.

அந்த மூன்று மாதமும் அக்கா பின்னறைக்குக் காவல் இருந்தார். கிறிஸ்துமஸுக்கு வந்த சொந்தக்காரர்கள் தொப்பிகளையும் பைகளையும் வைக்க அந்தக் கதவைத் திறக்கப் போனபோது, நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாராம். உள்ளே என்ன என்று கேட்ட கணவரின் அண்ணனிடம், உங்க தம்பிதான் தூங்குறாரு என்று சொல்லியிருக்கிறார். அவர் அன்றைக்குச் சாப்பிடாமல் போய்விட்டார்.

காமினி சில்லைச் சூடாக்கி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது அக்கா பக்கத்திலேயே நின்றார். காமினி அவரையும் பார்க்கச் சொன்னார். வாழ்நாளெல்லாம் கீறல் தேடிய கண். குனிந்தவர் நிமிரவே இல்லை. சில்லு முழுக்கக் குழிகள், பெருமழைக்குப் பிறகு கடற்கரை மணல் மாதிரி. கணக்குப் போட்டதில் அறுநூறுக்கு மேல் வந்தது. கருவி மூன்று மாதமாகச் சொன்னதும் கிட்டத்தட்ட அதையேதான்.

காமினி படித்தவர், நேர்மையானவர், அதனால் ஆறுதல் சொல்லத் தெரியாதவர். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இது அண்ணன் சிகரெட் குடிக்கலைன்னு நிரூபிக்காது. குடிக்காமலே வந்திருக்கலாம்னு மட்டுந்தான் சொல்லுது," என்றார்.

"தெரியும்மா," என்றார் அக்கா. "மிச்சத்தை அவரே சொல்லிட்டாரு."

அன்று சாயங்காலமே அந்த ஜன்னலில் இருந்த டேப்பையும் செய்தித்தாளையும் கிழித்துப் போட்டோம். தரை வெடிப்பை அடைக்க ஆள் வந்தார். காற்றை வெளியே தள்ள ஒரு விசிறி மாட்டினோம். இந்த ஊரில் ரேடானை விரட்டப் பெரும்பாலும் அவ்வளவு போதும், ஜன்னலைத் திறந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இதை நான் எல்லா வீட்டிலும் குஷியாகச் சொல்வேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

பிறகுதான் அக்கா கோயிலில் தகராறு பண்ணக் கிளம்பினார். கத்தோலிக்கர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. இறந்தவருக்காகப் பூசையில் வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கருத்துக் கொடுப்பார்கள். பூசை தொடங்கும்முன் பெயரை எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். அக்கா கொடுத்த கருத்தைப் பார்த்துவிட்டுப் பங்கு அலுவலகத்துப் பெண், பெயரை மட்டும்தான் போட முடியும் என்றாள். அக்கா நகரவில்லை. சத்தம் கேட்டுச் சாமியார் வந்தார். இது பூசையா, கோர்ட்டா எவ்லின் என்று கேட்டார். நான் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன், நன்றாகவே கேட்டது.

"ஃபாதர், அவரு குடிக்கிறாருன்னு நான் ஊரு கேக்கச் சொன்னேன். அப்ப நீங்க யாரும் பேரை மட்டும் சொல்லுன்னு சொல்லல. இதையும் ஊரு கேக்கத்தான் சொல்லணும்."

சாமியார் கல்லறையில் சிரித்தது ஞாபகம் வந்ததோ என்னவோ, வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு அக்காவை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். இறங்கியவர், நீயும் வா தம்பி, நீதானே மொதல்ல கேட்ட என்றார். எங்கள் உம்மாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று யோசித்தபடி கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றேன். அக்கா முன்னால் போய் உட்கார்ந்தார். வாசகம் படிக்கும் மேடைக்கு அன்றைக்கு முறைப்படி வர வேண்டியவர் வெரோனிக்கா. அவரும் வந்தார், கையில் தாளோடு, நல்ல இஸ்திரி போட்ட சேலையில்.

இறந்தவர்களின் பெயர்களை வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தார், மைக்கில் கணீரென்று. ஒரு இடத்தில் நின்றார். தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். திரும்பிச் சாமியாரைப் பார்த்தார். சாமியார் வாசி என்பது போலத் தலையசைத்தார்.

"மறைந்த டெஸ்மண்ட் அவர்களுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக. தம் வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாதவர்." வெரோனிக்காவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "கருத்துக் கொடுப்பவர், அதை நம்பாத மனைவி எவ்லின்."

அக்கா எழுந்து நின்றார். அந்த நேரத்தில் யாரும் நிற்பதில்லை, கோயில் முழுக்க உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து இழுத்தார். அக்கா உட்காரவில்லை. வெரோனிக்காவை நேராகப் பார்த்து, ஸாஹித்தைக் கேட்ட அதே குரலில் சொன்னார்.

"பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேட்டிருக்காது. சத்தமா இன்னொரு தடவ வாசி."